காலியாக இருந்த சஷ்டி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. எனக்கு உன் கடிதம் வந்ததிலிருந்து தலைவலி. இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். மாடியறையை உனக்கு விட்டிருக்கிற ஹெட்மிஸ்ட்ரஸ் படிக்கட்டும், கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் படிக்கட்டும், வழியில் யாராவது உறைக்கு ஆவி காட்டிப் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். கெட்டிக்காரக் குழந்தை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வித்துராவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் மூன்றாம் வகுப்பில் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்டாய். பஸ் நிற்கிற இடத்தில் சாயாக்கடை வைத்திருப்பவரின் மகள், எட்டு வயது. பொன்முடியிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரிகளின் நம்பர்களை மனத்திலேயே கூட்டுகிறாள், பெருக்குகிறாள், நேற்றுப் போன லாரியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். சரி, நம்புகிறேன். கரமனையில் நம் தெருச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அவளை அழைத்துவந்து மேடையில் நிறுத்தப்போகிறாயாம். சபையில் இருப்பவர்கள் எண்ணைச் சொல்ல, அவள் விடையைச் சொல்வாளாம். பத்திரிகைக்காரர் ஒருவர் வருவாராம். பெரிய மனிதர் யாராவது பார்த்து மனம் இளகி, டவுனில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாராம். ‘அவள் நம்மாத்திலேயே தங்கிப் படிக்கலாமே, நீ என்ன சொல்றே அம்மா’ என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். நான் சொல்வது இதுதான்: இந்த ஏற்பாட்டில் வருகிற ஒவ்வொருவர் மேலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒருத்தரையும் விடாமல் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் சங்கத்துச் செகரட்டரி. உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். எனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்கு எழுதியிருக்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது, அதையும் மனத்தில் வைத்துக்கொண்டேன். “மாமி, உங்க பொண்ணு அவளைப் போலவே இன்னொண்ணைக் கண்டுபிடிச்சிருக்கா, கேட்டேளா. கொள்ளாம், ரொம்ப நன்னாயிருக்கு” என்று கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “எட்டு வயசுக் குழந்தை. அத்தனை ஜனத்தைப் பார்த்து மேடையிலே வாயடைச்சுப் போய் நின்னா என்ன பண்ணுவேள்?” என்று கேட்டேன். “அதொண்ணும் சாரமில்லை மாமி. பயந்து நின்னாலும் ஜனங்களுக்கு இஷ்டப்படும். சின்னக் குட்டியாக்கும்” என்றார். சொந்தப் பேரன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிற மனிதர் அவர். போன வருஷ விழாவில் பாதி நாற்காலி காலி. இந்த வருஷம் கூட்டம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நீ சிரிக்கிறாய், அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்று. இந்தச் சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. உன்னை வளர்த்ததில் வந்தது. தேசத்துக்குச் சுதந்திரம் வந்த சமயம் உனக்குப் பத்து வயது. ஒருநாள் காலையில் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், தன் அப்பாவின் சிரார்த்தம் அடுத்து எந்தத் தேதியில் வருகிறது என்று பார்க்க. நீ பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டே தேதியைச் சொன்னாய். அதற்கடுத்த வருஷத்துத் தேதியையும் சொன்னாய். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் அப்போது அச்சாகக்கூட இல்லை. பரணில் கிடந்த பழைய பஞ்சாங்கங்களை நீ கதைப் புத்தகம் மாதிரிப் படித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எப்படிச் சொன்னாய் என்று கேட்டால், “அது அப்படித்தாம்மா வரும்” என்றாய். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர், மறுநாள் ஆற்றுக்குக் குளிக்கப் போன இடத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பிறகு தெருவே நம் வீட்டுக்கு வந்தது. “குழந்தே, எங்க அம்மாவோட திதி அடுத்த வருஷம் என்னிக்கு வரது?” என்று ஒருவர். “எங்க சித்தப்பா போனது தேய்பிறை துவாதசியாக்கும், பார்த்துச் சொல்லு” என்று இன்னொருவர். புரோகிதர் தானே வந்து உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டுப் பார்த்து, ஒன்றும் தப்பு வராததால் கொஞ்சம் முகம் வாடித் திரும்பினார். எந்த வீட்டில் யார் எந்தத் திதியில் போனார்கள் என்பது முழுவதும் சில மாதங்களில் உன் தலைக்குள் போய்விட்டது. ஒரு தெரு முழுக்கத் தன் செத்தவர்களைக் கொண்டுவந்து ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் ஒப்படைத்திருக்கிறது, ஒருத்தருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. வாழைப்பழம் கொடுத்தார்கள், தலையைத் தடவினார்கள், சரஸ்வதி கடாட்சம் என்றார்கள். நீ தலை பின்னி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும், பாதி நாள் வெறும் வயிற்றோடு ஓடுவாய். குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அதைக் கவனித்த நாளிலிருந்து, உன்னைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்களை நான் நம்புவதில்லை.

தெருக்கோடி வீட்டுத் தாசில்தார் மாமாவை உனக்கு நினைவிருக்கும். பென்ஷன் வாங்கிக்கொண்டு, இழுப்பு நோயோடு எப்போதும் ஈசிசேரில் சாய்ந்திருப்பார். ஒருநாள் நான் அவருக்கு மிளகு ரசம் கொண்டுபோனபோது நீயும் என்னோடு வந்தாய். “ஏண்டி குழந்தே, ஊராருக்கெல்லாம் சொல்றயே, என்னோட திதி என்னிக்குன்னு சொல்லு பார்ப்போம்” என்று வேடிக்கையாகத்தான் கேட்டார். வேறு குழந்தையாக இருந்தால் வெட்கப்பட்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நீ யோசித்தாய். நிஜமாகவே யோசித்தாய். அப்புறம், “உங்களுக்கு வளர்பிறை சஷ்டிதான் மாமா. மத்த திதிக்கெல்லாம் நம்ம தெருவிலே ஆள் இருக்கா. அது ஒண்ணுதான் காலியா இருக்கு” என்றாய். பஸ்ஸில் காலி இடத்தைக் காட்டுவது போல அத்தனை மரியாதையாகச் சொன்னாய். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ரசப் பாத்திரத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் உன்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ, “நான் சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

இரண்டு மாதம் கழித்து அவர் போய்விட்டார். வளர்பிறைதான். ஆனால் சஷ்டி இல்லை, அதற்கு முந்திய பஞ்சமி. புரோகிதரை நிறுத்திவைத்து நானே கேட்டேன். தாசில்தார் மாமாவின் பிள்ளை இன்றுவரை பஞ்சமியில்தான் சிரார்த்தம் செய்கிறார், நம் வீட்டுக்கு எதிரேதான் வாழைக்காய் வாங்கிக்கொண்டு போகிறார். இருந்தும் இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார், குழந்தை சொன்னபடி சஷ்டியன்றுதான் போனார் என்பார்கள். அந்தப் பிள்ளையே திருத்தவில்லை. தன் அப்பாவின் சாவில் ஒரு அற்புதம் ஒட்டிக்கொண்டால் யாருக்குத்தான் கசக்கும். கணக்கே தெரியாத ஜனங்கள் கணக்குத் தெரிந்த ஒரு குழந்தையைச் சுற்றி எப்படிப் பொய்க் கணக்குப் போடுவார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி உன்னைக் கண்டால் கையைக் கூப்பியது. ஜாதகத்தைக் கொண்டுவந்து நீட்டியது. கோட்டைக்குள்ளிருந்து ஒருவர், சோழி போட்டுப் பிரச்னம் பார்க்கிற இடத்தில், பலன் சொல்வதற்காக ஒரு குழந்தை ராசிக் கட்டத்தின்மேல் பொன் வைக்குமே, அதற்கு உன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டு வந்தார். அப்பாவுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது, நான்தான் சொல்லி அனுப்பினேன். மற்றப் பாதி உன்னைக் கண்டால் தன் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டது. இதில் எது எனக்கு அதிகம் வலித்தது என்று கேட்கிறாயா? இரண்டாவதுதான். எதிர்வீட்டுக் கோமு தினமும் உன்னோடு பாண்டி ஆட வருவாள், ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வாசலில் அவள் வேறு பெண்களோடு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். “நான் என்னம்மா பண்ணினேன்?” என்று கேட்டாய். “நீ ஒண்ணும் பண்ணலை, வந்து சாப்பிடு” என்றேன்.  

ஒரு உபாயம் செய்து பார்த்தேன். “நாளைக்கு யாராவது கேட்டா ஒண்ணு ரெண்டு தப்பாச் சொல்லு, தானா விட்டுடுவா” என்றேன். நீ என்னை ஏதோ அசிங்கமான காரியம் செய்யச் சொன்னது போலப் பார்த்தாய். “தெரிஞ்சதை எப்படிம்மா தப்பாச் சொல்றது?” என்று அழுதாய். இந்த மாதிரிக் குழந்தைகளிடம் பொய் சொல்லச் சொன்னால்கூடப் பரவாயில்லை, விடையைத் தப்பாகச் சொல்லச் சொல்லக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். அதற்குப் பதில் நீயாகவே ஒரு வழி கண்டுபிடித்தாய். யார் கேட்டாலும் தெரியாது என்றாய். மாமிகள் வந்தார்கள், தெரியாது. புரோகிதர் வந்தார், தெரியாது. கொஞ்ச நாளில் தெருவுக்கு அலுத்துவிட்டது, சரஸ்வதி கடாட்சம் விலகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சந்தேகம். ஒருநாள் உனக்குச் சாதம் பிசைந்து போட்டுக்கொண்டே, “நிஜமாவே உனக்குத் தெரியலையா?” என்று மெதுவாகக் கேட்டேன். நீ கையில் வாங்கிய உருண்டையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, “உனக்கும் வேணுமா அம்மா?” என்றாய். அதன்பிறகு நான் கேட்டதில்லை. இன்றைக்கும் உனக்கு அந்தத் திதிகள் எல்லாம் தெரியும் என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

அடுத்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் சாரம்மா டீச்சர் உன் வகுப்புக்கு வந்தார். அவரையும் நான் முதலில் நம்பவில்லை. கணக்கில் நீ வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறாய் என்று கூப்பிட்டனுப்பினார். என் பெண்ணைப் பார்த்தெழுதினாள் என்று சொல்லப்போகிறார் என்று சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர், “குட்டிக்குக் கணக்கு எல்லாம் அறியும் அம்மா. மத்தக் குட்டிகளோட சேர்ந்து விளையாடத்தான் ஒண்ணும் அறியில்லை” என்றார். பொறாமையில் பேசுகிறார் என்று எனக்கு ஒரே கோபம். ஹெட்மாஸ்டரோ உன்னை இரண்டு வகுப்புத் தாண்டி உட்காரவைக்கத் துடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அதற்கும் குறுக்கே நின்றார். கணக்கு மணிக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரட்டும், மணி அடித்ததும் தன் வயதுப் பிள்ளைகளிடம் திரும்பி வரட்டும் என்றார். வழி எழுதுவதற்கும் உன்னிடம் ஒரு பேச்சுப் பேசினார்: விடை உனக்கு, வழி எனக்கு. அதிலிருந்து நீ ஒழுங்காக எழுதினாய். மத்தியானம் உன்னைக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றச் சொன்னார். நீ தாண்டப் போனால் கயிறு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே நின்று காலில் மாட்டிக்கொள்வாயாம். பெண்கள் சிரிப்பார்களாம். அதைச் சொல்லி நீ வீட்டில் அழுதபோது, டீச்சரைப் போய் ஒரு கை பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன். போகாமல் விட்டது நல்லதாயிற்று. உன்னை யாரும் கும்பிடாத ஒரே இடம் அந்தக் கயிறுதான்.

இரண்டு வகுப்புத் தாண்டியிருந்தால் நீ இந்நேரம் பெரிய உத்தியோகத்தில் இருந்திருப்பாய் என்று அப்பா அவ்வப்போது சொல்கிறார். இருக்கலாம். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் சாரம்மா டீச்சர் உன்னால் தனக்கு ஒன்றும் வேண்டுமென்று கேட்கவில்லை, உன்னை யாரிடமும் காட்டவுமில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த உரைகல். அந்தக் குழந்தையை நெருங்குகிற ஒவ்வொருவரையும் அதில் உரைத்துப் பார். செகரட்டரியை உரைத்துவிட்டேன். பத்திரிகைக்காரர் மறுநாள் வேறு அதிசயத்தைத் தேடிப் போய்விடுவார். மனம் இளகப்போகிற பெரிய மனிதரை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. சாயாக்கடையில் உட்கார்ந்து பெண்ணை விடை சொல்லச் சொல்லி வேடிக்கை காட்டுகிறாரா என்று அவள் அப்பாவையும் ஒரு கண் பார்த்துக்கொள். அவரிடம் கோபமாகப் பேசாதே, நம் வீட்டிலும் ஒரு அப்பா ஆற்றங்கரையில் போய்ச் சொன்னவர்தான்.

மிச்சம் இருப்பது நீ. உன் மேலும் எனக்குச் சந்தேகம்தான். நாலு பக்கக் கடிதத்தில் அந்தப் பெண் என்னென்ன பெருக்குகிறாள் என்று இருக்கிறது. அவள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறாள் என்று இல்லை. கரும்பலகை அவள் கண்ணுக்குத் தெரிகிறதா, தலையில் பேன் இருக்கிறதா, யாரோடு சண்டை போடுகிறாள், எதற்குப் பயப்படுகிறாள், ஒன்றும் இல்லை. ‘நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்’ என்பது மட்டும் திரும்பத் திரும்ப இருக்கிறது. உன்னை இந்தத் தெரு மேடையேற்றிப் பாதியில் இறக்கிவிட்டது. அந்த மேடையில் இன்னொரு குழந்தையை ஏற்றி, இந்தத் தடவை கைதட்டல் நடுவில் நிற்காமல் கேட்க வேண்டும் என்று உனக்கு ஆசையோ என்னவோ. அப்படியில்லை என்றால் எனக்குப் பதில் எழுது, சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன். மேல் வகுப்பு டீச்சரிடம் பேசிக் கணக்கு மணிக்கு அவளை அங்கே அனுப்பு. இங்கே நூல்நிலையத்தில் என்ன புத்தகம் வேண்டுமென்று சொல், அப்பா எடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அவள் முதலில் முடித்துவிட்டாள் என்பதற்காக மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரவைக்காதே, அவளும் படிக்கத்தான் வந்திருக்கிறாள். விஷமம் செய்தால் மற்றவர்களைத் திட்டுவது போல அவளையும் திட்டு. தப்பாகச் சொல்லும்போது எல்லோரும் கூடி ஆச்சரியப்படாதீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் செகரட்டரி வீட்டுக்குப் போனேன். “அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கு. வித்துராவிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு” என்று உன் கடிதத்தை அவர்முன் நீட்டினேன். மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “அவிடேயே நில்லுங்கோ மாமி. கடுதாசியை எதுக்கு இங்கே கொண்டுவந்தேள்” என்றார். பிறகு, “டீச்சருக்கும் தொத்தியிருக்குமோ?” என்று கேட்டார். “இருக்கும்” என்றேன். மேடைக்கு ஒரு பாட்டுக் கச்சேரி ஏற்பாடு செய்துகொள்கிறாராம். நீ கோபப்படுவாய், படு. உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. அம்மை பேரில் பொய் சொன்னதற்கு அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு இந்த ஊரிலிருந்து ஒருத்தரும் அவளைத் தேடி வரமாட்டார்கள். அதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

விழா முடிந்து எல்லாம் ஓய்ந்தபிறகு ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வா. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பா வந்து நிற்பார். யாராவது கேட்டால் கடல் பார்க்க வந்த குழந்தை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளைத் தனியாக அழைத்துவராதே. லாரி நம்பர் எதுவும் தெரியாத, அவளைக் கண்டால் பயப்படாத, கோபம் வந்தால் அவள் பின்னலைப் பிடித்து இழுக்கிற ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. அப்படி ஒருத்தி இல்லையென்றால், இந்த மூன்று வாரத்தில் ஒருத்தியைத் தேடிப் பிடி. கணக்கை உன் சாயாக்கடைக் குழந்தை தானே படித்துக்கொள்வாள். நீ ஜன்னலில் நின்ற அன்று நான் கோமுவின் அம்மாவிடம் போனேன், உனக்குத் தெரியாது. என் பெண்ணோடு விளையாட உன் பெண்ணை அனுப்பு என்று கையைக் கூப்பிக் கேட்டேன். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. வெகுநேரம் அந்த வாசலில் நின்றேன். இந்தக் குழந்தைக்காக இப்போது நீ போய்க் கேள். நீ டீச்சர், உன்னை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போக மாட்டார்கள்.

உன் அம்மா